கம்போடியப் பொருளாதாரம்: டாலர், தையல், நெல், கடன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியாவுக்கு வணிகத்துக்கோ வேலைக்கோ போகிறவர்களும் தென்கிழக்காசியப் பொருளாதாரம் படிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்த நாட்டில் புழங்கும் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்காவில் அச்சானது. ஆலைகளில் தைக்கும் துணி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. வயலில் விளையும் நெல்லில் கணிசமான பகுதி வியட்நாமில் அரைபடுகிறது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

சொந்த நாணயமாக ரியெல் இருக்கும்போது ஏன் எல்லோரும் டாலரில் பேசுகிறார்கள்?

1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் புனோம் பென்னைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிசப் படை, பணம் என்ற ஒன்றையே ஒழித்தது. சந்தைகள் மூடப்பட்டன, மத்திய வங்கிக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் நாட்டில் பணமே இல்லை. அரிசியும் தங்கமும்தான் கைமாறின, அரசு ஊழியர்களுக்குச் சம்பளமே அரிசியாக அளந்து கொடுக்கப்பட்டது. 1980 மார்ச் 20 அன்று ரியெல் மறுபடி வந்தது. ஒரு டாலருக்கு 4 ரியெல் என்ற கணக்கில் தொடங்கிய நாணயம் அது.

சோவியத் உதவி நின்றதும் அரசு செலவுக்கு நோட்டு அச்சடித்தது. ரியெல் சரிந்தது, கையில் காசு வைத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த நேரம் பார்த்து 1992–93இல் ஐ.நா. இடைக்கால நிர்வாகம் ஏறத்தாழ 22,000 ஆட்களோடு வந்து இறங்கியது. அவர்கள் வீட்டு வாடகை, ஓட்டுநர் சம்பளம், சாப்பாடு எல்லாவற்றையும் டாலரில் கொடுத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை பணத்தில் அடிபட்ட மக்கள் டாலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. இன்றும் வங்கி வைப்புகளில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் டாலர்தான்.

கடையில் இரண்டையும் எப்படிக் கலந்து கொடுப்பது?

வங்கி விலை சில ஆண்டுகளாக டாலருக்கு 4,000 முதல் 4,150 ரியெல் வரையில் நிற்கிறது. கடைக்காரர் மனக்கணக்குக்கு 4,000 என்று வைத்துக்கொள்வார். அமெரிக்கச் சில்லறைக் காசு அங்கே செல்லாது. ஒரு டாலருக்குக் கீழே எல்லாம் ரியெல்.

6.75 டாலர் பில்லுக்கு 10 டாலர் கொடுத்தால் மூன்று ஒரு டாலர் நோட்டும் 1,000 ரியெலும் திரும்பி வரும். வங்கி விலை 4,100 ஆக இருக்கும்போது 4,000 கணக்கில் சில்லறை வாங்கினால் கால் டாலருக்கு 25 ரியெல் இழப்பு. சாப்பாட்டுக் கடையில் இதைப் பெரிதாக எண்ண வேண்டாம். மொத்த வியாபாரத்தில் மட்டும் எந்த விலையில் கணக்கு என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர், மின்சாரக் கட்டணம், வரி, அரசு ஊழியர் சம்பளம், கிராமச் சந்தை ஆகியவை ரியெலில் நடக்கின்றன. வீட்டு வாடகை, நிலம், வண்டி, ஆலைச் சம்பளம், பெரிய கடன் ஆகியவை டாலரில். அறுவடைக் காலத்தில் நெல் வியாபாரிகள் விவசாயிக்குக் கொடுக்க ரியெல் தேடுவார்கள், அப்போது அதற்குக் கிராக்கி கூடும்.

லேசாகக் கிழிந்த டாலரை ஏன் வாங்க மறுக்கிறார்கள்?

கிழிந்த ரியெலை மத்திய வங்கி மாற்றித் தரும். டாலரை அந்த நாட்டால் அச்சடிக்க முடியாது, பழுதான நோட்டைக் கடல் கடந்து அனுப்பித்தான் மாற்ற வேண்டும். அந்தச் செலவை வங்கி வாடிக்கையாளர் தலையில் கட்டும், கடைக்காரர் அதைத் தவிர்க்க உங்கள் நோட்டை மறுப்பார். ஓரத்தில் அரை அங்குலக் கிழிசல், பேனாக் கோடு, முத்திரை மை எதுவும் ஆகாது. 1996க்கு முந்திய, தலைப்படம் சின்னதாக உள்ள 100 டாலர் நோட்டும் சிக்கல் தரும். சில்லறை வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டையும் விரித்துப் பாருங்கள், நகர்ந்த பிறகு மாற்றித் தரச் சொன்னால் நடக்காது. ரூபாயை நம்பிப் போகாதீர்கள். ஏ.டி.எம். பெரும்பாலும் 100 டாலர் நோட்டாகத் துப்பும். அதை வங்கிக்குள்ளேயே உடைத்துக்கொள்வது நல்லது.

பாக்கோங் என்பது என்ன?

கம்போடிய தேசிய வங்கி 2020 அக்டோபரில் தொடங்கிய பணப்பரிமாற்ற அமைப்பு. வங்கிகளும் கைப்பேசிப் பணப்பை நிறுவனங்களும் இதன் வழியாக ஒன்றுக்கொன்று உடனுக்குடன் பணம் அனுப்புகின்றன. 2022இல் நாடு முழுவதற்கும் ஒரே கியூஆர் முறை வந்தது. ரியெல் கணக்கு, டாலர் கணக்கு இரண்டையும் இது தாங்கும். பல கடைகளில் இரண்டு கணக்குக்கும் தனித்தனி கியூஆர் அட்டை மேசையில் இருக்கும். தவறு நடப்பது இங்கேதான்: 8,000 ரியெல் கொடுக்க நினைத்து டாலர் அட்டையை ஸ்கேன் செய்துவிடுவார்கள். தொகையை அடிக்கும் முன் திரையில் நாணயக் குறியைப் பார்த்துவிடுங்கள்.

சிறு தொகைகள் ரியெலுக்குத் திரும்ப இந்த அமைப்பு சத்தமில்லாமல் உதவுகிறது. பணத்தாளைக் கையில் வாங்கும்போது இருந்த பயம், திரையில் எண்ணாகப் பார்க்கும்போது குறைகிறது.

டாலரை ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன?

ஆபத்து. வைப்புகள் ஒரே வாரத்தில் வங்கியை விட்டு வெளியேறும். மத்திய வங்கி அதனால்தான் மெல்லக் காய் நகர்த்துகிறது. ஒவ்வொரு வங்கியும் தன் கடன்களில் குறைந்தது 10% ரியெலில் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 2020இல் 1, 2, 5 டாலர் நோட்டுகளை வங்கிகளிடமிருந்து படிப்படியாகத் திரும்பப் பெறத் தொடங்கியது. அந்த இடத்தை ரியெல் நிரப்ப வேண்டும் என்பது கணக்கு.

டாலரால் கிடைத்த நன்மை உண்மையானது. விலைவாசி நிதானமாக இருந்தது, வெளிநாட்டு முதலாளிக்கு நாணயச் சரிவுப் பயம் இல்லை. விலையும் உண்டு. அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் அந்தச் சூடு புனோம் பென் கடன்காரரையும் சுடும். வியட்நாம் தன் நாணயமான டாங்கின் மதிப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் அங்கே தைக்கும் சட்டை மலிவாகிவிடும், கம்போடியாவால் அப்படிச் செய்ய முடியாது. சம்பளமே டாலரில் இருப்பதால், போட்டிக்கு ஈடு கொடுக்க எஞ்சுவது தொழிலாளியின் வேகமும் மேல்நேர உழைப்பும்தான்.

தையல் ஆலைத் தொழிலாளிக்கு மாதம் கையில் எவ்வளவு வரும்?

2025க்கான குறைந்தபட்சச் சம்பளம் 208 டாலர், 2026க்கு 210. 2025ஐ வைத்துக் கணக்குப் போடுவது எளிது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 208 மணி நேரம். ஆக ஒரு மணி நேரத்துக்குச் சரியாக ஒரு டாலர்.

இதோடு வருகைப் படி 10 டாலர், வீட்டு வாடகைக்கும் பயணத்துக்கும் 7 டாலர். ஓராண்டு முடித்தவர்களுக்குப் பணிமூப்புப் படி 2 டாலரில் தொடங்கி 11 வரை ஏறும். சாதாரண நாளில் மேல்நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு. இரவிலும் ஞாயிறு, விடுமுறை நாளிலும் இரண்டு மடங்கு. மேல்நேரம் பார்க்கும் நாளில் சாப்பாட்டுக்கு 2,000 ரியெல்.

மூன்று டாலர் பணிமூப்புப் படி வாங்கும் ஒருவர் மாதம் 20 நாள், நாளுக்கு 2 மணி ஓ.டி. (மேல்நேர வேலை) பார்த்தால் 208 + 10 + 7 + 3 + 60, சாப்பாட்டுக் காசு 40,000 ரியெல் (ஏறத்தாழ 10 டாலர்). மொத்தம் 298. ஓய்வூதியத்துக்கு 2% பிடிப்பார்கள். 12 லட்சம் ரியெல் சம்பளம் வரைக்கும்தான் இந்தப் பிடித்தம், அதனால் 24,000 ரியெலைத் தாண்டாது. மாதம் 15 லட்சம் ரியெல் வரை வருமான வரி இல்லை. கையில் 292 டாலர் அளவில் நிற்கும். ஓ.டி. இல்லாத மாதத்தில் இதே ஆள் ஏறத்தாழ 223 டாலரோடு வீட்டுக்குப் போவார்.

ஆர்டர் குறைந்தால் முதலில் போவது அந்த 70 டாலர். ஆலையை மூடாமலே, ஆளை நீக்காமலே கால்வாசி வருமானம் போய்விடும் என்பதை வெளியிலிருந்து பார்க்கும் பலர் கவனிப்பதில்லை. ஜனவரியில் சம்பளம் நாலு டாலர் ஏறினால் ஆலையைச் சுற்றியுள்ள வரிசை வீடுகளின் வாடகையும் கூடவே ஏறுவது இன்னொரு பழைய துயரம்.

2019 முதல் சம்பளம் மாதம் இருமுறை தரப்படுகிறது. காலவரையற்ற ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் பணிமூப்புத் தொகையாக ஜூனிலும் டிசம்பரிலும் பாதி பாதியாக வர வேண்டும். மூன்று மாதம், ஆறு மாதம் என்று குறுகிய ஒப்பந்தம் போட்டே ஓட்டும் ஆலைகளில் இந்த உரிமை கிடைக்காது. கருவுற்ற பெண்ணின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போவதும் இந்த வழியில்தான்.

குறைந்தபட்சச் சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் அமர்ந்த தேசியக் குழு செப்டம்பரில் வாக்கெடுக்கும், ஜனவரி 1 முதல் அமலாகும். குழு முடிவு செய்த தொகைமேல் பிரதமர் ஓரிரு டாலர் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. 2025க்குக் குழு 206 என்றது, பிரதமர் ஹுன் மானெட் 2 சேர்த்தார். இது ஆடை, காலணி, பயணப்பை ஆலைகளுக்கு மட்டும். கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ இப்படி ஒரு கீழ்வரம்பு கிடையாது.

2013இல் இதே சம்பளம் 80 டாலர். 160 கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் 2014 ஜனவரி 3 அன்று புனோம் பென் வெங் ஸ்ரெங் சாலையில் காவல் படை சுட்டதில் குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பின்னர்தான் 100, 128, 140, 153, 170 என்று ஆண்டுதோறும் ஏறியது. இந்த எண்களை வளர்ச்சி வரைபடமாக மட்டும் படிப்பது அந்த நாலு பேருக்கும் செய்யும் அநியாயம்.

இவ்வளவு தைக்கும் நாடு ஏன் துணி நெய்வதில்லை?

திருப்பூரோடு ஒப்பிட்டால் புரியும். அங்கே நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் எல்லாம் சில மைல் சுற்றளவில் நடக்கிறது. கம்போடிய ஆலைகளில் பெரும்பாலானவை செய்வது ஜாப் ஒர்க். துணி, ஜிப், பட்டன், லேபிள் வரை கப்பலில் வரும். வெட்டித் தைத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். ஆலை முதலாளிகளும் பெரும்பாலும் சீனா, தைவான், ஹாங்காங்கைச் சேர்ந்தவர்கள், சட்டையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடு பேசுவது அங்குள்ள தலைமை அலுவலகம். சட்டை விலையில் கம்போடியாவில் தங்குவது கூலியும் மின்கட்டணமும் போக்குவரத்தும்தான்.

சாயப்பட்டறைக்குத் தடையில்லாத மலிவு மின்சாரமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் வேண்டும். மின்சாரத்தில் கணிசமான பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்து வருவதால் கோடையில் அது தளரும். 2019இல் மழை பொய்த்தபோது நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. பருத்தி விளைச்சலும் பெரிதாக இல்லை.

முதலீடு வராததற்கு வரி விதியும் ஒரு காரணம். ‘மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடு’ என்ற தகுதியால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சுங்க வரி இல்லாமல் அனுப்பலாம். 2011 முதல் இறக்குமதித் துணியைத் தைத்து மட்டும் அனுப்பினாலும் அந்தச் சலுகை உண்டு என்று விதி தளர்ந்தது. ஏற்றுமதி பாய்ந்தது. நெசவாலை கட்ட வேண்டிய அவசியம் அதோடு போயிற்று.

ஏற்றுமதிச் சலுகைகள் எவ்வளவு நம்பகமானவை?

கையெழுத்துப் போட்டவர் மனம் மாறும் வரை. 2017 நவம்பரில் முக்கிய எதிர்க்கட்சி கலைக்கப்பட்டதும், மனித உரிமை, தொழிலாளர் உரிமை மீறல்களைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஆகஸ்ட் 12 முதல் சலுகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை விலக்கியது. அமெரிக்கா 2016இல் பயணப்பைகளுக்குச் சுங்க விலக்கு கொடுத்தது, பை ஆலைகள் மளமளவென்று முளைத்தன. அந்தத் திட்டம் 2020 இறுதியில் காலாவதியாகி, புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 49% வரி என்று அறிவித்தது, ஜூலையில் 36 ஆக்கியது, ஆகஸ்ட்டில் 19இல் நிறுத்தியது. நாட்டின் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவது அமெரிக்கா என்பதால் அந்த நான்கு மாதமும் ஆலைகளுக்கு மூச்சுத் திணறல்.

2029இல் என்ன நடக்கப் போகிறது?

2029 டிசம்பர் 19 அன்று கம்போடியா மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறுவதாக ஏற்பாடு. வருமானம், கல்வி, ஆரோக்கியம் எல்லாம் அளவுகோலைத் தாண்டிவிட்டன, அது பெருமைக்குரியதுதான். ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பிறகு மூன்றாண்டு அவகாசம் தரும். அது முடிந்ததும் வேறு சலுகைத் திட்டத்துக்கு மனுச் செய்யலாம். ஆனால் அங்கே ஆடைக்கு இரட்டை மாற்ற விதி: நெய்வதும் தைப்பதும் இரண்டுமே உள்ளே நடக்க வேண்டும். சீனத் துணியைத் தைத்து அனுப்பினால் முழு வரி, ஆடைக்கு அது 12% வரை. சட்டைக்குச் சில சென்ட் லாபத்தில் ஓடும் ஆலை அதைத் தாங்காது. இப்போதே துணி ஆலைகளுக்கு நிலமும் மின்சாரமும் ஒதுக்கத் தவறினால், பத்து லட்சத்துக்கு அருகில் ஆட்களை வைத்திருக்கும் தொழிலுக்கு 2032 ஒரு மதில்சுவர்.

உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கும் நாடு ஏன் நெல்லை விற்கிறது?

கம்போடிய மணச்சன்ன அரிசி 2012, 2013, 2014 மூன்றாண்டும் தொடர்ந்து உலக அரிசி மாநாட்டில் முதல் பரிசு பெற்றது, 2018இலும் 2022இலும் மறுபடி. 2010இல் அரசு, 2015க்குள் 10 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி என்று இலக்கு வைத்தது. 2015இல் போனது 5.4 லட்சம் டன் அளவில். அதன் பிறகு 2024 வரையிலும் ஆறரை லட்சம் வாக்கில்தான் நின்றது.

அடைப்பு எங்கே என்றால் களத்தில். முன்பு கையால் அறுத்து வயலிலேயே காயப்போட்டார்கள். இப்போது அறுவடை இயந்திரம் ஊரையே இரண்டு வாரத்தில் அறுத்துத் தள்ளுகிறது. நெல் 25–28% ஈரத்தோடு மூட்டைக்கு வருகிறது. ஓரிரு நாளில் 14%க்குக் காயவைக்காவிட்டால் சூடேறி மஞ்சளாகும், மணமும் போகும். உலர்த்தியும் கிடங்கும் போதாது.

கணக்காகப் பார்க்கலாம். 26% ஈரமுள்ள 1,000 கிலோ நெல், 14%க்குக் காய்ந்தால் 860 கிலோ. அரைத்தால் 64% கணக்கில் 550 கிலோ அரிசி. அதில் முழு அரிசி 400 கிலோ அளவில், மீதி நொய். காயவைப்பதில் பிசகினால் நொய் கூடும், விலை பாதியாகும்.

அடுத்த அடைப்பு கைமுதல். நவம்பர் முதல் ஜனவரிக்குள் 10,000 டன் வாங்கிக் குவிக்க நினைக்கும் ஆலைக்கு, டன் 300 டாலர் என்று வைத்தால் 30 லட்சம் டாலர் ரொக்கம் வேண்டும். வங்கி அவ்வளவு தராது. எல்லைக்கு அப்பாலிருந்து வியட்நாம் தரகர்கள் கால்வாய் வழியே படகோடு, ரொக்கத்தோடு வந்து ஈர நெல்லையே எடுத்துக்கொள்வார்கள். தாகேயோ, பிரை வெங் மாகாண விவசாயிகள் அவர்களுக்காகவே 90 நாள் குறுகிய கால ரகத்தை நடுகிறார்கள். தவிடும் நொய்யும் அரவைக்கூலியும் அந்தப் பக்கம் போகின்றன. முந்திரிக்கும் இதே கதை: கொட்டை கம்போடியாவில், பருப்பு வியட்நாமில்.

2019 முதல் மூன்றாண்டு ஐரோப்பா இந்த அரிசிக்குத் தற்காப்பு வரி போட்டது, முதலாண்டில் டன்னுக்கு 175 யூரோ. அதன் பிறகு அரிசி ஆலைகள் சீனச் சந்தைப் பக்கம் இன்னும் சாய்ந்தன.

சிறுகடன் நெருக்கடி என்கிறார்களே, எவ்வளவு தீவிரம்?

நாட்டின் மிகப் பெரிய சிக்கல் இதுதான் என்பது எங்கள் கருத்து. 2017 ஏப்ரலில் அரசு சிறுகடன் வட்டிக்கு ஆண்டுக்கு 18% உச்சவரம்பு விதித்தது. நோக்கம் நல்லது. ஆனால் 300 டாலர் கடனுக்கும் 4,000 டாலர் கடனுக்கும் அலுவலரின் அலைச்சல் ஒன்றுதான் என்பதால், நிறுவனங்கள் சின்னக் கடனைக் குறைத்துப் பெரிய கடனைத் தள்ளின, கட்டணமும் சேர்த்தன.

4,000 டாலர், 18%, 36 மாதம் என்றால் மாதத் தவணை 145 டாலர். 208 டாலர் சம்பளத்தில் 145 போனால் மீதி 63. அதனால்தான் ஓ.டி. வெட்டு வந்த மாதமே கிராமத்து வீட்டில் தவணை தவறுகிறது. நெல் விற்ற காசு ரியெலில், உரம் டாலரில், கடன் டாலரில்.

ஈடு நிலப் பத்திரம். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட மென்பத்திரம், நில அமைச்சகம் தரும் வன்பத்திரம் என்று இரண்டு வகை. நிறுவனங்கள் இரண்டையும் வாங்கி வைக்கின்றன. வழக்குப் போட்டு ஏலம் விடுவது அபூர்வம். அலுவலர் அடிக்கடி வீட்டுக்கு வருவார், ஊர்ப் பெரியவரை அழைத்து வருவார், குடும்பமே நிலத்தை விற்றுக் கட்டிவிடும். ஏட்டில் அது ‘ஒழுங்காகத் திரும்பிய கடன்’. அதனால் வாராக்கடன் விழுக்காட்டை மட்டும் பார்த்து நிலைமையை எடைபோட வேண்டாம். நிலம் விற்றோர், பழைய கடனைக் கட்டப் புதுக்கடன் வாங்கினோர், குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோர் எத்தனை என்று கேளுங்கள்.

2025 ஜூலையில் தாய்லாந்தோடு எல்லை மோதல் வெடித்தபோது அங்கே வேலை பார்த்த லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். தவணைக்கு அனுப்பிய பணம் நின்றது, கடன் நிற்கவில்லை.

கம்போடியாவில் ‘டேட்டா என்ட்ரி’ வேலை, மாதம் 1,000 டாலர் என்கிறார்கள். போகலாமா?

மேலே பார்த்த சம்பளக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலமும் கணினியும் தெரிந்த உள்ளூர் இளைஞரே இதைவிடக் குறைவாகக் கிடைக்கும்போது, விமானச் சீட்டு போட்டு உங்களை ஏன் அழைக்க வேண்டும்? சிஹானூக்வில் நகரில் இணையச் சூதாட்டத்துக்காகக் கட்டடங்கள் எழும்பின. 2019 ஆகஸ்ட்டில் அரசு அதைத் தடை செய்வதாக அறிவித்தது, சீன முதலாளிகள் வெளியேறினார்கள், நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பாதியில் நின்றன. காலியான வளாகங்கள் பலவற்றில் இணைய மோசடிக் கும்பல்கள் குடியேறின. தமிழ்நாட்டு இளைஞர்களும் இவற்றில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

சோதிக்க வேண்டியவை எளியவை. முகவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா? ‘சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். முறையான வேலைக்கு ஈ வகை விசாவும் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை அனுமதியும் வேண்டும். நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு எண்ணை எழுத்தில் கேட்டு, புனோம் பென்னில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி விசாரியுங்கள். பாங்காக்கில் இறக்கிச் சாலை வழியாக எல்லை தாண்ட வைப்பது, கடவுச்சீட்டை ‘பதிவுக்காக’ வாங்கி வைப்பது, வேலையை விட்டால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டாம். போன பிறகு தெரிந்தால், இருக்கும் இடத்தின் வரைபடக் குறியை உடனே வீட்டுக்கு அனுப்புங்கள். கும்பல் முதல் நாளிலேயே கைப்பேசியைப் பறிக்கும்.